இசட்மோடம்

இசட்மோடம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாக இணைக்கப்பட்ட இரு கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பரிமாறப் பயன்பட்ட நெறிமுறை ஆகும். இதனை 1986 இல் சக் போர்ஸ்பெர்க் உருவாக்கினார். டயல்-அப் முனைய இணைப்பில் கோப்புகளை விரைவாக இறக்கிக்கொள்ள இது பரவலாகப் பயன்பட்டது.

இந்தியாவில் பயன்பாடு

விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஷெல் கணக்கு வழங்கப்பட்டது. இதில் எழுத்துகளை மட்டுமே காண இயலும். வீட்டுக் கணினி வழங்கியின் ஒரு முனையமாகவே செயற்பட்டது. அதற்கெனத் தனி இணைய முகவரி இல்லை. எனவே ஒரு கோப்பு இரு கட்டங்களில் வந்து சேர்ந்தது.

1. எஃப்டிபி மூலம் தொலைதூரக் கணினியிலிருந்து வழங்கியின் வட்டுக்கு.
2. வழங்கியிலிருந்து தொலைபேசி வழியாக வீட்டுக் கணினிக்கு.

இரண்டாம் கட்டம் நீளும் அளவுக்குத் தொலைபேசிக் கட்டணமும், கணக்கில் எஞ்சிய மணிகளும் கரைந்தன. இடையில் இணைப்பு அறுந்தால் பழைய நெறிமுறைகளில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தாமதத்தின் காரணம்

வார்டு கிறிஸ்டென்சன் 1977 இல் உருவாக்கிய எக்ஸ்மோடம், கோப்பை 128 பைட்டுத் துண்டங்களாக அனுப்பும். ஒவ்வொரு துண்டத்திற்கும் மறுமுனையிலிருந்து ஒப்புதல் வந்த பின்னரே அடுத்தது செல்லும். தலைப்பும் சரிபார்ப்பும் சேர்ந்து ஒரு துண்டம் 132 பைட்டு ஆகும்.

எடுத்துக்காட்டாக, நொடிக்கு 960 பைட்டு செல்லும் 9600 பிட் இணைப்பில் இதனை அனுப்ப ஏறத்தாழ 0.14 நொடி ஆகும். ஒப்புதலுக்கு 0.2 நொடி காத்திருக்க நேர்ந்தால், 1 மெகாபைட்டுக் கோப்பின் 8,192 துண்டங்களுக்கு ஏறத்தாழ 46 நிமிடம் தேவை. காத்திருப்பு இல்லையெனில் அதே கோப்பு சுமார் 18 நிமிடத்தில் வந்துவிடும். அதாவது, கம்பியின் வேகத்தைவிடக் காத்திருப்பே பெருந்தடையாக இருந்தது.

செயற்படும் முறை

* தரவு நிற்காமல் அனுப்பப்படும். பிழை நேர்ந்தால், எந்தப் பைட்டிலிருந்து மீண்டும் அனுப்ப வேண்டும் எனப் பெறும் கணினி தெரிவிக்கும்.
* பிழைகளைக் கண்டறிய 32 பிட் சுழல்மிகைச் சரிபார்ப்பைப் பயன்படுத்தலாம்.
* இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.
* வழங்கியில் 'எஸ்இசட்' கட்டளையைத் தட்டியதும் வீட்டுக் கணினியின் முனைய மென்பொருள் தானே பெறத் தொடங்கும்.

பிற காரணிகள்

உரைக் கோப்புகளை வழங்கியிலேயே சுருக்கிய பின் இறக்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஏற்கனவே சுருக்கப்பட்ட கோப்புகளுக்கு மோடத்தின் வி.42பிஸ் சுருக்கத்தால் பயன் இல்லை. தொடர் துறையில் 16 பைட்டு இடையகம் கொண்ட 16550 சில்லு இருந்தால், விரைவான மோடத்திலிருந்து வரும் பைட்டுகள் தவறிப்போவது குறையும்.

இன்றைய நிலை

ஷெல் கணக்குகள் வழக்கொழிந்தபோதும், இந்நெறிமுறையைச் செயற்படுத்தும் எல்ஆர்இசட்எஸ்இசட் என்ற கட்டற்ற மென்பொருள் லினக்சில் கிடைக்கிறது. வலையமைப்பு வசதியற்ற கருவிகளுக்குத் தொடர் துறை வழியாகக் கோப்புகளை அனுப்ப இது உதவுகிறது. ஒவ்வொரு துண்டத்திற்கும் ஒப்புதலை எதிர்பார்த்து நிற்காமல் தொடர்ந்து அனுப்பும் கோட்பாடு, இணையத்தின் டிசிபி நெறிமுறையிலும் உண்டு.