1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா – தென் வியட்நாம் கால்பந்து அரையிறுதி

இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் நடைபெற்ற 4-ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், 1962 செப்டம்பர் 1 அன்று இந்தியாவும் தென் வியட்நாமும் கால்பந்து அரையிறுதியில் மோதின. இந்தியா 3–2 என்ற கோல் கணக்கில் வென்றது. மூன்று நாள் கழித்து இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2–1 என வீழ்த்தித் தங்கப் பதக்கமும் பெற்றது. அந்த இறுதியாட்டம் இந்தியக் கால்பந்து வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அரையிறுதி பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். தோற்ற அணியின் நாடே பின்னர் உலக வரைபடத்திலிருந்து மறைந்துபோனதால், அந்தப் பக்கத்திலிருந்தும் இந்த ஆட்டத்தைச் சொந்தம் கொண்டாட அதிகம் பேர் இல்லாமல் போயினர்.

இரண்டு வியட்நாம்கள்

1951-இல் புது தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது 11 நாடுகள் பங்கேற்றன. அவற்றுள் வியட்நாம் இல்லை. அப்போது அங்கே பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்தது. 1954-இல் கையெழுத்தான ஜெனீவா உடன்பாட்டின்படி 17-ஆவது அட்சரேகையை ஒட்டி நாடு தற்காலிகமாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே ஹனோயைத் தலைநகராகக் கொண்ட கம்யூனிச அரசு, தெற்கே சைகோனைத் தலைநகராகக் கொண்ட அரசு. உடன்பாட்டைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைமை ஏற்றது இந்தியாதான். கனடாவும் போலந்தும் உறுப்பு நாடுகள்.

அதே 1954-இல் மணிலாவில் நடந்த இரண்டாவது ஆசியப் போட்டிகளுக்கு வந்தது தெற்கு மட்டுமே. 1958-இல் டோக்கியோவில் தென் வியட்நாம் மேசைப்பந்து வீரர்கள் ஆடவர் அணிப் பிரிவிலும் இரட்டையர் பிரிவிலும் தங்கம் வென்றனர். அக்காலத்தில் மேசைப்பந்தில் உலகையே ஆண்டுகொண்டிருந்த ஜப்பானின் சொந்த மண்ணில் கிடைத்த வெற்றி அது. இரட்டையரில் வென்ற மாய் வான் ஹோவா, டிரான் கான் துவோக் ஆகிய இருவரின் பெயர்களை இன்று ஆசியாவில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது ஐயமே. 1959 டிசம்பரில் பாங்காக்கில் முதல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதன் கால்பந்து இறுதியில் தாய்லாந்தைத் தோற்கடித்துத் தங்கம் வென்றதும் இதே நாடுதான். ஆகவே 1962-இல் இந்தியாவை எதிர்த்து ஆடியது சாதாரண அணி அன்று.

சைகோன் நகரம் தமிழருக்கு அந்நியமானதும் அல்ல. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளைச் சேர்ந்த தமிழர்கள் அங்கே அரசுப் பணிகளில் இருந்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும், அதற்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலும் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய அந்த ஊரில் இன்றும் உள்ளன.

ஜகார்த்தாவில் எழுந்த சிக்கல்

போட்டிகள் 1962 ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 4 வரை நடைபெற்றன. சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட சேனாயன் மாபெரும் அரங்கத்தை அதிபர் சுகர்ணோ நாட்டின் பெருமையாகக் காட்டினார். ஆனால் தொடக்கத்துக்கு முன்பே தகராறு மூண்டது. அரபு நாடுகளின் ஆதரவையும் மக்கள் சீனத்தின் நட்பையும் கருதிய இந்தோனேசியா, இஸ்ரேல் அணிக்கும் தைவான் அணிக்கும் உள்ளே வர அனுமதி தரவில்லை.

ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இந்தியாவின் குரு தத் சோந்தி. உறுப்பு நாடுகளை விலக்கி நடத்தும் போட்டிகளுக்கு 'ஆசிய விளையாட்டுப் போட்டிகள்' என்ற பெயர் பொருந்தாது என்று அவர் வாதிட்டார். விதிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரியே. ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்து விழா எடுத்திருந்த நாட்டின் தலைநகரில் அமர்ந்துகொண்டு, விழா நடக்கும்போதே அதைச் சொன்னதன் விலையை அங்கிருந்த இந்திய வீரர்கள் கொடுக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 3 அன்று கூட்டத்தினர் இந்தியத் தூதரகத்தைத் தாக்கினர். சோந்தி நாட்டைவிட்டு வெளியேறினார். இந்திய வீரர்கள் களமிறங்கும்போதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. இந்திய நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோதும் அந்தக் கூச்சல் அடங்கவில்லை என்று வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

அரையிறுதிக்கு வந்த வழி

கால்பந்தில் எட்டு அணிகள் இரண்டு பிரிவுகளாக ஆடின. ஒரு பிரிவில் தென் வியட்நாம், மலாயா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். போட்டியை நடத்திய இந்தோனேசியாவையும் பின்னுக்குத் தள்ளித் தென் வியட்நாம் பிரிவில் முதலிடம் பெற்றது. மற்றொரு பிரிவில் தென் கொரியா, இந்தியா, ஜப்பான், தாய்லாந்து. இந்தியாவின் தொடக்கம் மோசமாக இருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை 4–1 எனவும் ஜப்பானை 2–0 எனவும் வென்று பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது.

தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடிபட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. அவர் அடுத்த ஆட்டத்தில் இல்லை. அரையிறுதிக்கு அவரை எப்படியாவது களத்தில் இறக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் எண்ணினார். தலையில் காயத்தோடு பின்களத்தில் நின்று உயரப் பந்துகளைத் தலையால் தடுத்துக்கொண்டிருப்பது ஆபத்து. எனவே அவரை நடு முன்களத்துக்கு மாற்றினார். காலமெல்லாம் தடுப்பாட்டம் ஆடிய ஒருவரைக் கோல் அடிக்கச் சொல்வது துணிச்சலான முடிவு. ஆனால் ஜர்னைல் கல்லூரிக் காலத்தில் முன்களத்திலும் ஆடியவர் என்பதை ரஹீம் அறிந்திருந்தார். ரஹீம் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். எந்த மாணவனை எந்த இடத்தில் உட்கார வைத்தால் தேறுவான் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

செப்டம்பர் 1 ஆட்டம்

சுனி கோஸ்வாமி தலைமையில் ஆடிய இந்தியா முதலில் 2–0 என்று முன்னிலை பெற்றது. ஒரு கோல் கோஸ்வாமி அடித்தது. மற்றொன்று, புதிய இடத்தில் ஆடிய ஜர்னைல் சிங் அடித்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தென் வியட்நாம் அப்படி நினைக்கவில்லை. இரண்டு கோல்களையும் திருப்பி அடித்து 2–2 எனச் சமன் செய்தது. அரங்கத்தின் ஆதரவு யார் பக்கம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த நிலையில் கோஸ்வாமி தமது இரண்டாவது கோலை அடித்தார். இந்தியா 3–2 என வென்றது. மற்றொரு அரையிறுதியில் தென் கொரியா மலாயாவை 2–1 என வீழ்த்தியது.

அந்த ஒரு கோல் விழாமல் போயிருந்தால் இந்தியக் கால்பந்தின் 'பொற்காலம்' என்று இன்று நாம் சொல்வதன் முடிசூட்டு நாளே இல்லை. சோர்ந்துபோன தென் வியட்நாம் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மலாயாவிடம் 1–4 எனத் தோற்று, பதக்கம் இல்லாமல் நான்காவதாக முடித்தது.

அணியில் தமிழர்

அன்றைய இந்திய அணியில் தமிழ்ப் பெயர்கள் குறைவில்லை. துளசிதாஸ் பலராம் ஐதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தின் அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராம் என்ற முன்கள மூவரணி அக்காலத்தில் ஆசியா முழுவதும் அஞ்சப்பட்டது. அருமைநாயகம், எத்திராஜ் ஆகியோரும் அணியில் இடம்பெற்றிருந்தனர்.

கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜின் கதை தமிழ்நாட்டோடு நேரடியாகப் பிணைந்தது. செகந்திராபாத் கழகங்களில் ஆடத் தொடங்கிய அவர் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தார். முதலில் முன்கள வீரராக இருந்து பின்னரே கோல்கம்பங்களுக்கு நடுவே நிற்கத் தொடங்கினார். நல்ல உயரம். மெட்ராஸ் ரெஜிமென்ட் மைய அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டுராண்ட் கோப்பையை வென்றது. ஊட்டி மலைச்சாரலில் பயின்ற ஒரு படையணி தில்லியில் போய் நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையை இருமுறை தூக்கியது என்பதைத் தமிழ்நாட்டிலேயே பலர் மறந்துவிட்டனர். தங்கராஜ் 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகளில் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008-இல் பொகாரோவில் காலமானார்.

ஜகார்த்தாவில் தங்கராஜுக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டதால் பிரத்யுத் பர்மன் கோல் காத்து வந்தார். செப்டம்பர் 4 இறுதியாட்டத்துக்கு ரஹீம் மீண்டும் தங்கராஜை நிறுத்தினார். உயரப் பந்துகளை அதிகம் பயன்படுத்தும் கொரியர்களுக்கு எதிரே உயரமான கைகள் வேண்டும் என்பது அவரது கணக்கு. 17-ஆவது நிமிடத்தில் பானர்ஜியும் 20-ஆவது நிமிடத்தில் ஜர்னைலும் கோல் அடித்தனர். கொரியாவால் இறுதியில் ஒரு கோல் மட்டுமே திருப்ப முடிந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எதிர்த்துக் கூவிய அந்த அரங்கில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள். அவர்கள் இந்தியாவை ஹாக்கி இறுதியில் தோற்கடித்திருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ரஹீம் 1963 ஜூனில் மறைந்தார்.

அதன் பிறகு தென் வியட்நாம்

ஜகார்த்தா விவகாரத்துக்காகப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. சுகர்ணோ அதற்குப் பதிலாக 1963 நவம்பரில் 'புதிதாக எழும் நாடுகளின் விளையாட்டுப் போட்டிகள்' என்ற போட்டியைத் தொடங்கினார். அதற்கு வந்தது வட வியட்நாம். ஆக ஓராண்டு இடைவெளியில் ஒரே நகரத்துக்கு இரண்டு வியட்நாம்களும் வந்தன. இரண்டும் ஒரே மேடையில் சந்திக்கவில்லை.

போர் தீவிரமடைந்த ஆண்டுகளிலும் தெற்கின் கால்பந்து நிற்கவில்லை. 1966-இல் கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்கா கோப்பையை பாம் ஹுய்ன் தாம் லாங் தலைமையிலான தென் வியட்நாம் அணி வென்றது. 1974 டெஹ்ரான் ஆசியப் போட்டிகளே அந்நாடு பங்கேற்ற கடைசி ஆசிய விளையாட்டுப் போட்டிகள். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நாடு ஒன்றானது.

வீரர்களில் பலர் சிதறினர். தாம் லாங் நாட்டிலேயே தங்கினார். புதிய ஆட்சியில் சைகோன் துறைமுக அணியில் ஆடி, பின்னர் அதன் பயிற்சியாளராகித் தேசிய லீக் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். பழைய ஆட்சியின் சட்டை அணிந்து ஆடியவரைப் புதிய வியட்நாமின் கால்பந்து உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அவர் ஒரு சான்று. 2014-இல் அவர் மறைந்தார்.

ஒன்றுபட்ட வியட்நாம் ஆசியப் போட்டிகளுக்கு முதலில் வந்தது இந்தியாவுக்குத்தான். 1982 புது தில்லிப் போட்டிகளில் துப்பாக்கி சுடுதலில் ஒரு வெண்கலம் பெற்றது. முதல் தங்கம் 1994-இல் ஹிரோஷிமாவில், டேக்வாண்டோவில் டிரான் குவாங் ஹா மூலம் கிடைத்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் ஹோங் சுவான் வின் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அந்த இறுதிச்சுற்றில் இந்தியாவின் ஜீத்து ராய் எட்டாவது இடம் பெற்றார். ஆசியப் போட்டிகளின் பதக்கப் பட்டியல்களில் தென் வியட்நாம் இன்றும் தனி வரியாகவே நிற்கிறது. 1958-இல் டோக்கியோவில் வென்ற தங்கங்கள் ஹிரோஷிமாத் தங்கத்தோடு கூட்டப்படுவதில்லை.

மீண்டும் ஜகார்த்தா

2018 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஜகார்த்தாவும் பாலெம்பாங்கும் நடத்தின. புதுப்பிக்கப்பட்ட அதே சேனாயன் அரங்கில் நீளம் தாண்டுதலில் வியட்நாமின் புய் தி தூ தாவோ 6.55 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 6.51 மீட்டர் தாண்டிய கேரளத்தின் நீனா வரக்கில் வெள்ளி பெற்றார்.

ஆடவர் கால்பந்தில் கொரியரான பார்க் ஹாங் சியோ பயிற்றுவித்த வியட்நாம் அணி பஹ்ரைனையும் சிரியாவையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. ஒன்றுபட்ட வியட்நாமின் கணக்கில் இதுவே முதல் ஆசியப் போட்டி அரையிறுதி. அங்கே தென் கொரியாவிடம் 1–3 எனத் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டம் ஜகார்த்தாவை அடுத்த சிபினோங்கில் செப்டம்பர் 1 அன்று நடந்தது. சுனி கோஸ்வாமியின் கோலுக்கு அன்றைக்குச் சரியாக 56 ஆண்டுகள். ஐக்கிய அரபு அமீரகத்திடம் பெனால்டி உதைகளில் தோற்று, வியட்நாம் மீண்டும் நான்காவதாக முடித்தது.

1962-க்குப் பிறகு ஆசியப் போட்டிக் கால்பந்தில் ஒரே ஒரு பதக்கம், 1970-இல் ஒரு வெண்கலம், பெற்றுள்ள இந்தியா, 2018-இல் ஜகார்த்தாவுக்கு ஆடவர் கால்பந்து அணியையே அனுப்பவில்லை.