டால்பின்கள் டூட்டிக்குப் போன கதை

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த நண்பர், "ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நிறைய வந்து குவிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதத் தயாராக இருந்தவன் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். ஆனாலும் ஆரம்பத்தை ஹாஸ்டலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

எங்கள் செட்டில் விடிய விடிய ரெட் அலர்ட் 2 ஆடாதவர்கள் குறைவு. 2000-ல் வந்த கம்ப்யூட்டர் கேம். அதில் அமெரிக்கப் பக்கம் ஆடினால் காசு கொடுத்து டால்பின் வாங்கலாம். அது எதிரி நீர்மூழ்கியைக் கண்டுபிடித்து ஒலி அலையாலேயே உடைக்கும். சோவியத் பக்கத்துக்கு ராட்சதக் கணவாய். "எவன்டா உட்கார்ந்து இதையெல்லாம் யோசிக்கிறான்" என்று சிரிப்போம். படிப்பு முடித்து, வெல்டிங் மூட்டுகளை அல்ட்ராசானிக் கருவியால் சோதிக்கும் வேலைக்கு வந்த பிறகு, எதிரொலி பற்றி எதையோ தேடப்போய்த்தான் விஷயம் தெரிந்தது. கணவாய்தான் கற்பனை. டால்பின் நிஜம். நாங்கள் கேம் ஆடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அமெரிக்கக் கடற்படையின் கணக்கில் டால்பின்கள் தினம் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

கதை ஒரு தப்புக் கணக்கில் தொடங்குகிறது. 1936-ல் ஜேம்ஸ் கிரே என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர், டால்பின் போகிற வேகத்தையும் அதன் தசையின் பலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார். தண்ணீரின் இழுவையை வெல்லத் தேவையான சக்தியில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் அதனிடம் இருப்பதாக விடை வந்தது. அப்படியென்றால் அதன் தோலில் ஏதோ ரகசியம் இருக்க வேண்டும், நீரோட்டத்தைக் கலங்கவிடாமல் வழுக்கவிடுகிறது என்று ஊகித்தார்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு லாமினார், டர்புலன்ட் எல்லாம் ஞாபகம் வரும். அந்த ரகசியம் கிடைத்தால் டார்பிடோவுக்கு அதே தோலைப் போர்த்திவிடலாமே! இந்த ஆசையில்தான் 1960-ல் அமெரிக்கக் கடற்படை நாட்டி என்ற ஒரு டால்பினை வாங்கி நீந்தவிட்டு அளந்தது. தோலில் மாயம் ஒன்றும் அகப்படவில்லை. 2014-ல் தண்ணீரில் நுண்குமிழிகளைவிட்டு, வாலடியில் பிறக்கும் விசையை அளந்து பார்த்தார்கள். டால்பினுக்கு உண்மையிலேயே அவ்வளவு பலம் உண்டு. கிரே தசையைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார், அவ்வளவுதான். அடிப்படையே தப்பான ஒரு புராஜெக்ட் அறுபது வருஷத்துக்கு மேல் பட்ஜெட் வாங்கியிருக்கிறது. ஃபைனல் இயர் தம்பி தங்கைகள் மனம் தளர வேண்டாம்.

டார்பிடோ ஆசை போனாலும் டால்பினை விட்டுவிட மனசு வரவில்லை. காரணம் அதன் காது.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு பைப்பின் சுவர் தடிமனை அளக்க, மேலே கிளிசரின் மாதிரி எதையாவது தடவி, புரோபை அழுத்தி, அலையை உள்ளே அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிறோம். புரோப் பைப்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு மயிரிழை காற்று இருந்தாலும் ரீடிங் கோவிந்தா. டால்பின் நெற்றியில் கொழுப்பால் ஆன ஒரு லென்ஸ் வைத்திருக்கிறது. அதன் வழியாக 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே போகிற சின்னச் சின்ன 'க்ளிக்' ஒலிகளை அனுப்பி, திரும்பி வருவதைக் கீழ்த்தாடை எலும்பு வழியாக வாங்கி உள்காதுக்கு அனுப்புகிறது. ஹவாயில் கானியோஹே விரிகுடாவில் விட்லோ ஆவ் என்ற விஞ்ஞானி செய்த சோதனைகளில், எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய 7.62 செ.மீ. இரும்புக் குண்டை 113 மீட்டர் தூரத்தில் கண்டுபிடித்தது ஒரு டால்பின். இன்னொன்று, 8 மீட்டர் தள்ளி நின்று இரண்டு அலுமினியக் குழாய்களில் எதன் சுவர் கால் மில்லிமீட்டர் தடிமன் அதிகம் என்று சொல்லிவிட்டது. 8 மீட்டர் தள்ளி! கிளிசரின் கிடையாது, காலிப்ரேஷன் சர்ட்டிஃபிகேட் கிடையாது. அதைப் படித்த அன்று மறுநாள் என் கருவியைத் தூக்கிக்கொண்டு சைட்டுக்குப் போகவே வெட்கமாக இருந்தது.

கடல் அடியில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் கண்ணிவெடியை மனிதன் செய்த சோனாரால் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். கல், நங்கூரம், பழைய டிரம் எல்லாமே ஒரே மாதிரி எதிரொலிக்கும். டால்பினுக்கு அந்தக் குழப்பம் மிகக் குறைவு. கடற்படைக்கு வேறென்ன வேண்டும்?

விலங்கைக் கடற்போருக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது. முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளால் திணறிய பிரிட்டன், மேடைகளில் கடற்சிங்கங்களை வைத்து வித்தை காட்டிய ஜோசப் உட்வர்ட் என்பவரை அழைத்து, வேல்ஸில் பாலா ஏரியில் 1917-ல் பரிசோதனை நடத்தியது. ஏரியில் ஜோராகச் செய்தன. கடலில் கப்பல் சத்தமும் மீன் வாசனையும் சேர்ந்து கவனத்தைக் கலைத்துவிட்டன. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அமெரிக்க டால்பின்கள் அப்படி இல்லை. 1965-ல் கலிஃபோர்னியாவில் லா ஹோயா கடற்கரைக்கு அப்பால், 62 மீட்டர் ஆழத்தில் சீலேப் 2 என்று ஒரு வீட்டை இறக்கி அதில் ஆட்களைத் தங்கவைத்தார்கள். விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் அதில் 30 நாள் இருந்தார். அவர்களுக்கு மேலேயிருந்து கருவிகளும் கடிதமும் கொண்டுவந்து கொடுத்தது டஃபி என்கிற டால்பின். மனிதன் அந்த ஆழத்திலிருந்து சடாரென்று மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி உயிருக்கே ஆபத்து. டஃபி நாள் முழுக்க ஏறி இறங்கும். வழி தவறிய டைவர் பஸ்ஸரை அழுத்தினால் கயிற்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கவும் பழக்கியிருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் தபால்காரர் வேலை. இதுவரைக்கும் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

1970-71-ல் வியட்நாமில் காம் ரான் விரிகுடாவுக்கு ஐந்து டால்பின்கள் போனபோதுதான் சங்கடம் ஆரம்பம். வெடிமருந்து இறக்கும் துறைக்கு, நீந்தி வரும் எதிரிகளைக் கண்டுபிடித்துத் தகவல் சொல்லும் காவல் வேலை. கண்டுபிடிப்பதோடு நிற்கவில்லை, மூக்கில் ஊசி கட்டி ஆட்களைக் கொல்லவும் வைத்தார்கள் என்று 1970-களின் நடுவில் பேச்சு கிளம்பியது. கடற்படை அன்றைக்கும் மறுத்தது, இன்றைக்கும் மறுக்கிறது. என் கட்சி எது என்று கேட்டால், கடற்படை சொல்வதை நம்பத்தான் தோன்றுகிறது. நல்ல மனசால் அல்ல, என்ஜினீயரிங் காரணத்தால். டால்பினுக்கு நம் ஆள், அவன் ஆள் என்று யூனிஃபார்ம் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் இருப்பவர்கள் எல்லோரும் அதற்கு மீன் தருகிறவர்களாகத்தான் தெரிவார்கள். அப்படிப்பட்டதிடம் ஆயுதத்தைக் கொடுக்கிறவன் முதலில் தன் டைவர்களைத்தான் இழப்பான்.

ஆனால் ஜனங்கள் நம்பியது மற்றதை. ஏன் நம்பினார்கள் என்பதற்கு விஞ்ஞானக் கதைகளைப் பார்க்க வேண்டும்.

1961-ல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, ஜான் லில்லி என்ற மூளை ஆராய்ச்சியாளர் எழுதியது. பத்து இருபது வருஷத்தில் மனிதன் வேறொரு உயிரினத்தோடு பேசப்போகிறான், அது டால்பினாக இருக்கக்கூடும் என்றார். இதே லில்லி இருந்த குழு 1955-ல் ஐந்து டால்பின்களுக்கு மயக்க மருந்து கொடுத்தது. ஐந்தும் செத்துப்போயின. நமக்கு மூச்சு தானாக ஓடும். டால்பின் ஒவ்வொரு மூச்சையும் நினைத்து விட வேண்டும். நினைவை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும். இதை அந்த ஐந்தையும் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு புத்தகம் லியோ ஸிலார்டு எழுதியது. அணுகுண்டுக்கு அடிப்படையான தொடர்வினையை 1933-லேயே யோசித்த அதே ஸிலார்டு. அவர் கதையில் அமெரிக்க, ரஷ்ய விஞ்ஞானிகள் வியன்னாவில் டால்பின்களோடு பேசுவதாகச் சொல்லி, டால்பின்கள் கொடுத்த யோசனை என்று ஆயுதக் குறைப்பைச் சாதிக்கிறார்கள். யோசனை நிஜமாகவே டால்பின்களுடையதா, விஞ்ஞானிகள் அவற்றின் பெயரைச் சொல்லித் தங்கள் யோசனையைத் தள்ளினார்களா என்ற சந்தேகம் கடைசிவரை நம்மைவிட்டுப் போவதில்லை. அவர் டால்பினை வைத்துச் சமாதானம் எழுதிய அந்த நேரத்தில் கடற்படை அதை வைத்து டார்பிடோவை யோசித்துக்கொண்டிருந்தது.

1963-ல் ஆர்தர் கிளார்க், அப்போது இலங்கையில் குடியேறி ஏழு வருஷம் ஆகியிருந்தது, சிறுவர்களுக்காக 'டால்பின் ஐலண்ட்' எழுதினார். படிக்க இனிமையான நாவல். ஆனால் டால்பின்களைத் தின்னும் ஓர்க்காவின் மூளையில் மின்முனை வைத்து அதை 'நல்ல பிள்ளை' ஆக்கும் காட்சி அதில் வருகிறது. சின்ன வயசில் படித்திருந்தால் ஒன்றும் உறுத்தியிருக்காது. முப்பதைத் தாண்டிப் படித்தேன், உறுத்தியது.

ஜனங்கள் மனசில் ஆணி அடித்தது பிரெஞ்சு எழுத்தாளர் ராபர் மெர்ல். 1967-ல் வந்த அவருடைய நாவலில், பேசக் கற்ற டால்பின்களை ஏமாற்றி வெடிகுண்டு சுமக்க வைக்கிறார்கள். மைக் நிக்கல்ஸ் அதை 1973-ல் 'தி டே ஆஃப் தி டால்பின்' என்று படமாக்கினார். கடைசியில் விஞ்ஞானி தன் டால்பின்களிடம், போய்விடுங்கள், இனி மனிதர்களிடம் பேசவே பேசாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் வியட்நாம் ஊசிக் கதையைச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? கடற்படையோ எல்லாவற்றையும் ரகசியம் என்று பூட்டி வைத்திருந்தது. 1990-களின் ஆரம்பத்தில்தான் பெரும்பகுதியைத் திறந்துவிட்டார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் மீன் வாளிதான் இருந்தாலும் வெளியே நிற்பவனுக்கு அது துப்பாக்கியாகத்தான் தோன்றும்.

எனக்குப் பிடித்தது 1981-ல் வில்லியம் கிப்ஸன் எழுதிய 'ஜானி நெமோனிக்'. அதில் ஜோன்ஸ் என்று ஒரு ரிட்டயர்டு கடற்படை டால்பின், பொருட்காட்சித் தொட்டியில் கிடக்கிறது. ஓடிப்போகாமல் இருக்கக் கடற்படை அதைப் போதைக்கு அடிமையாக்கிவைத்திருந்தது. திறந்த கடலில் விட்டால் இது ஏன் திரும்பி வர வேண்டும் என்ற கேள்விக்குக் கிப்ஸன் கண்டுபிடித்த பதில் அது. டால்பின்கள் விண்கப்பலே ஓட்டும், 1983-ல் வந்த டேவிட் பிரின் நாவல் ஹ்யூகோ, நெபுலா இரண்டு பரிசையும் வாங்கியது. அதில் இந்தக் கேள்வி இல்லை.

நிஜத்தில் என்ன நடக்கிறது? சான் டியாகோவில் டால்பின்களைப் படகோடு கடலுக்குக் கூட்டிப்போய் அவிழ்த்துவிடுகிறார்கள். அது போய்த் தேடிவிட்டு வந்து, ஏதாவது இருந்தால் படகின் முன்பக்கத் தட்டையும், ஒன்றும் இல்லையென்றால் பின்பக்கத் தட்டையும் தொடும். இருந்தால் ஒரு மிதவைக் கயிறு கொடுப்பார்கள், போய்ப் பக்கத்தில் போட்டுவிட்டு வரும். வெடியை அகற்றுவது மனிதர்கள் வேலை. 2003 மார்ச்சில் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகப் பாதையை இப்படித்தான் டைவர்களோடு சேர்ந்து சுத்தம் செய்தன, 28-ஆம் தேதி நிவாரணப் பொருளோடு சர் கலஹாட் கப்பல் உள்ளே வந்தது. வேலை முடிந்ததும் டால்பின் மீனை வாங்கிக்கொண்டு கூண்டுக்குத் திரும்பிவிடும். கதவு தினமும் திறக்கிறது, தினமும் திரும்பி வருகிறது. போதை ஊசி இல்லை. மீன், பழக்கம், தெரிந்த முகம். நம்மில் எத்தனை பேர் இதைவிடப் பெரிய காரணத்துக்காகத் திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகிறோம்?

திரும்பாதவையும் உண்டு. ஹவாயில் 1970 வாக்கில் ஆழ்கடலிலிருந்து பொருள்களை எடுக்க ஓர்க்காக்களைப் பழக்கினார்கள். இஷ்மயில் என்று பெயர் வைத்த ஒன்று ஒருநாள் போனது போனதுதான்.

சோவியத் பக்கத்திலும் 1960-களின் நடுவிலிருந்து செவஸ்டபோலில் ஒரு டால்பின் தளம் இருந்தது. 1991-ல் நாடே கலைந்தது. தளம் உக்ரைன் கைக்கு வந்தது, சம்பளமும் தீனியும் வரவில்லை. 2000-ல் பயிற்சியாளர் போரிஸ் ஜூரிட், டால்பின்களும் கடற்சிங்கங்களும் மற்றவையுமாக 27 விலங்குகளை விமானத்தில் ஏற்றி ஈரானுக்கு விற்றுவிட்டார். அவை பட்டினி கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். கிரைமியா 2014-ல் ரஷ்யா கைக்குப் போனது. 2022-ல் செவஸ்டபோல் துறைமுக வாயிலில் டால்பின் கூண்டுகள் தெரிவதாகச் செயற்கைக்கோள் படங்கள் வந்தன. அமெரிக்கா 2012-ல், கண்ணிவெடி தேடும் வேலையை 2017-க்குள் ரோபோக்களிடம் கொடுத்துவிடுவோம் என்று அறிவித்தது. 2017 வந்தது, போனது. டால்பின்கள் வேலையில்தான் இருந்தன.

2019 ஏப்ரலில் நார்வேயின் வடகோடியில் மீனவர் படகுகளை ஒரு வெள்ளை பெலூகா திமிங்கலம் சுற்றிச் சுற்றி வந்தது. உடம்பில் இறுக்கமான பட்டை, அதில் கேமரா மாட்ட இடம், கொக்கியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற எழுத்து. ரஷ்யா தன்னுடையது என்று சொல்லவில்லை. மீனவர் ஒருவர் குளிர்ந்த நீரில் குதித்துப் பட்டையைக் கழற்றிவிட்டார். நார்வேஜியன் மொழியில் 'ஹ்வால்' என்றால் திமிங்கலம், அதோடு விளாடிமிரைச் சேர்த்து ஹ்வால்டிமிர் என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள். கடல் முழுக்கத் திறந்து கிடந்தது. அது போகவில்லை. படகுகளையும் மீன் பண்ணைகளையும் ஒட்டியே ஐந்து வருஷம் அலைந்தது. 2024 ஆகஸ்ட் 31-ல் தென்மேற்கு நார்வேயில் இறந்து மிதந்தது. வாயில் ஒரு குச்சி சிக்கியிருந்தது.

அது வந்து சேர்ந்த புதிதில் ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்தில் ஒரு பெண்ணின் செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஹ்வால்டிமிர் உள்ளே போய், வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவர் கையில் கொடுத்தது.