ஸ்லைடை நேராக்குபவர்கள்

டிராம்போன் பழுதுபார்ப்பது தொடக்கத்தில் தனித்தொழிலாக இருந்ததில்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பித்தளை வாத்தியங்களுக்குப் பேர்போன ஊர் ஜெர்மனியின் நியூரெம்பர்க். அங்கே வாத்தியம் செய்தவரே அதைச் சரிசெய்தும் கொடுத்தார். சில சமயம் வாசித்தவரும் அவரே. நியூஷெல் குடும்பத்தின் ஹான்ஸ், பேரரசர் மாக்ஸிமிலியனிடம் டிராம்போன் வாசித்தவர். போப் பத்தாம் லியோவுக்கு வெள்ளியில் டிராம்போன்கள் செய்து ரோமுக்குப் போய்ப் பரிசு வாங்கி வந்தவர் என்றும் அவர் பெயர் பேசப்பட்டது. அதே ஊரின் எராஸ்மஸ் ஷ்னிட்சர் 1551-இல் செய்த டிராம்போன், ஆண்டு பொறிக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. நியூரெம்பர்க் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

அந்தக் கைவினைஞர்களின் திறமைக்கு உரைகல்லாக இருந்தது, சுரத்தை மாற்ற முன்னும் பின்னும் இழுக்கும் ஸ்லைடு. தகட்டை எஃகுத் தண்டின் மேல் சுற்றி, விளிம்புகளைப் பற்றவைத்து, தட்டித் தேய்த்துக் குழாயாக்க வேண்டும். அதுவும் ஒன்றல்ல, நான்கு குழாய்கள்: உள்ளே இரண்டு அசையாமல் நிற்கும், வெளியே இரண்டு அவற்றின் மேல் வழுக்கி ஓடும். உள்குழாய்கள் இரண்டும் தனித்தனியே நேராக இருந்தால் போதாது. ஒன்றுக்கொன்று இணையாகவும் ஒரே தளத்திலும் இருந்தாக வேண்டும். வெளிக்குழாய்களுக்கும் அதே கணக்குத்தான். உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலுள்ள இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. டிரம்பெட்டில் ஒடுக்கு விழுந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனாலும் ஓரளவு வாசித்துவிடலாம். டிராம்போன் ஸ்லைடில் நகக்கண் அளவு ஒடுக்கு விழுந்தாலும் கை அங்கேயே தடுக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் பழுதுபார்ப்பவரின் வேலையைக் கூட்டின. உள்குழாயின் அடிநுனியை மட்டும் சற்றுத் தடிமனாக்கினார்கள். உராய்வது அந்த நுனி மட்டும் என்பதால் ஸ்லைடு லேசாக ஓடியது, தேய்மானமும் அங்கேயே குவிந்தது. 1839-இல் லைப்சிக் நகரின் கிறிஸ்டியான் ஃபிரீட்ரிக் சாட்லர், கட்டைவிரலால் இயக்கும் வால்வு ஒன்றைச் சேர்த்துக் கீழ்ஸ்தாயிக்கு வழி திறந்தார். வால்வு வந்ததும் காற்றுக்கசிவு என்ற புதுப் புகாரும் உடன் வந்தது.

செய்பவரையும் பழுதுபார்ப்பவரையும் பிரித்தது அமெரிக்கத் தொழிற்சாலை. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட்டில் சார்லஸ் ஜெரார்ட் கான் 1870-களில் ரப்பர் விளிம்புள்ள ஊதுவாய் செய்து விற்கத் தொடங்கினார். காயம்பட்ட தன் உதட்டுக்காகவே அதைச் செய்தார் என்பது அந்த ஊரில் சலிக்காமல் சொல்லப்படும் கதை. ஐரோப்பியக் கைவினைஞர்களைக் கூட்டிவந்து அவர் வளர்த்த தொழிற்சாலையிலிருந்து பிரிந்தவர்கள் அதே ஊரில் போட்டித் தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். சிகாகோவில் ஃபிராங்க் ஹோல்டன் என்ற டிராம்போன் கலைஞர் ஸ்லைடுக்கான எண்ணெய் விற்பதில் தொடங்கி வாத்தியத் தயாரிப்பாளரே ஆனார். 1923-இல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளி பேண்டு போட்டிக்கு வாத்திய நிறுவனங்களே பின்புலம். வியாபார நோக்கம்தான், ஆனால் அதன் விளைவு பெரிது. பள்ளிதோறும் பேண்டு வந்தது. பள்ளிதோறும் வளைந்த ஸ்லைடுகளும் வந்தன. நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் தொழிற்சாலைக்கு ஒவ்வொன்றையும் அனுப்பிக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஊரூருக்குப் பழுதுபார்ப்புப் பட்டறைகள் கிளம்பின.

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொழிலை மேலும் ஊன்றச் செய்தது. 1942-இல் அமெரிக்க அரசு பித்தளை வாத்தியத் தயாரிப்பை நிறுத்தியது. கான் தொழிற்சாலை விமானத்துக்கும் கப்பலுக்கும் வேண்டிய கருவிகள் செய்யப் போயிற்று. புதிதாக வாங்க வழியில்லாதபோது, இருப்பதைக் காப்பாற்றித் தருபவரிடம்தான் போயாக வேண்டும்.

பழைய டிராம்போனைப் புதுப்பிக்கத் தனிப்பட்ட கைகாரரைத் தேடும் வழக்கம் வலுத்தது அதற்குப் பிறகு. 1954-இல் வந்த கான் 88எச் டிராம்போன், இசைக்குழுக்களின் விருப்ப வாத்தியமானது. 1969-இல் நிறுவனம் கைமாறியது, 1970-களில் உற்பத்தி எல்கார்ட்டை விட்டே போயிற்று. வின்சென்ட் பாக் நியூயார்க்கிலும் பின்னர் மவுண்ட் வெர்னனிலும் செய்த வாத்தியங்களின் கதையும் இதுவே: 1961-இல் செல்மர் வாங்கியது, சில ஆண்டுகளில் உற்பத்தி எல்கார்ட்டுக்கு மாறியது. கலைஞர்கள் புனல்வாயில் பொறித்த ஊர்ப் பெயரைப் பார்த்து விலை பேசத் தொடங்கினார்கள். பழையதெல்லாம் உயர்ந்தது என்ற இந்த நம்பிக்கையில் பாதி காது, பாதி ஏக்கம். ஆனால் அந்த நம்பிக்கைதான் பட்டறைகளுக்குச் சோறு போட்டது. உதிரிபாகம் கிடைக்காத வாத்தியத்துக்குப் பாகத்தையே செய்து போடுபவர்கள் அங்கேதான் உருவானார்கள். ஜெனீவாவில் பழுதுபார்ப்புத் தொழில் செய்த ரெனே ஹாக்மான், டிராம்போனுக்கென்று புதிய வால்வையே வடிவமைத்தார். இன்று பல நிறுவனங்கள் அதைப் பொருத்தி விற்கின்றன.

1976-இல் அமெரிக்காவில் பேண்டு வாத்தியப் பழுதுபார்ப்பவர்களுக்கென்று தொழில்முறைச் சங்கம் அமைந்தது. மின்னசோட்டாவின் ரெட் விங்கில் உள்ள தொழிற்கல்லூரி இந்த வேலையைப் பாடமாகவே கற்பிக்கிறது. இருந்தாலும் சங்க உறுப்பினர் பட்டியலை மட்டும் நம்பி டிராம்போனைக் கொடுத்துவிட முடியாது. கிளாரினெட்டுக்குத் திண்டு மாற்றுவதில் வல்லவர் ஸ்லைடைத் தொடத் தயங்கலாம். அதனால் கலைஞர்கள் பக்கத்து இசைக்குழுவின் டிராம்போன் வாசிப்பவரிடம்தான் முதலில் விசாரிக்கிறார்கள். ஸ்லைடைத் தனியே கழற்ற முடியும் என்பதால், நம்பிக்கையான கைகாரர் தொலைவில் இருந்தால் அதை மட்டும் பெட்டியில் வைத்து அனுப்புவதும் உண்டு.

பட்டறையில் முதலில் நடப்பது சோதனை. உள்குழாய்களைச் சமதளக் கருங்கல் பலகையில் கிடத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். வெளிக்குழாயை ஒவ்வொன்றாக மாட்டி, செங்குத்தாகப் பிடித்து நழுவ விடுகிறார்கள்; அது தன் எடையிலேயே தடையின்றி வழுக்கி இறங்க வேண்டும். ஒடுக்கு இருந்தால் உள்ளே எஃகுத் தண்டைச் செருகி வெளியிலிருந்து தேய்த்து எடுக்கிறார்கள். குறுக்குச் சட்டம் விறைப்பில் நிற்கிறதென்றால் பற்றவைப்பை இளக்கி, குழாய்களைத் தளர விட்டு, மறுபடி பற்றவைக்கிறார்கள். பல ஸ்லைடுகளின் நோய் இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. குழாயை வளைத்தே சரிசெய்யப் பார்ப்பது கற்றுக்குட்டி வேலை.

உள்குழாயின் குரோமிய முலாம் உரிந்துவிட்டால் மறுபடி முலாம் பூசலாம், அல்லது குழாயையே மாற்றலாம். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அரிப்பு பெரும்பாலும் உட்புறத்திலிருந்து வருவதால், புள்ளி வெளியே தெரியும்போது குழாய் நொய்ந்திருக்கும். ஒட்டுப் போடலாம், வளைவுப் பகுதியை மாற்றலாம்; பாலிஷ் போட்டு மறைத்தால் மிச்சமிருக்கும் தகடும் மெலியும். மெருகு வார்னிஷை முழுக்க உரித்துப் புதிதாகப் பூசுவதைப் பல கைகாரர்கள் ஊக்குவிப்பதில்லை. பளபளப்பு கூடும், பழைய வாத்தியத்தின் விலையோ குறையும். மாணவர்களுக்கான மலிவு டிராம்போனைக் கொண்டுவந்தால், புதுப்பிக்கும் செலவில் வேறொன்று வாங்கிவிடலாம் என்று சொல்லி அவர்களே திருப்பி அனுப்புவதும் உண்டு.