புதிய துப்பாக்கியா, பழைய துப்பாக்கியா?



சென்ற பொதுக்குழுவில் 'பி' பிளாக் லிஃப்டைப் பழுது பார்ப்பதா, கழற்றிவிட்டுப் புதிதாகவே போட்டுவிடுவதா என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். மூன்றாம் மாடி மாமி அதற்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்ட பிறகு கூடிய கூட்டம் அது. ஆளுக்கொரு பக்கம் பேசினோம். டீ ஆறியது, முடிவு அடுத்த கூட்டத்துக்குப் போனது. வீடு திரும்பும்போது எனக்கு ஒரு துப்பாக்கியின் கதை நினைவுக்கு வந்தது.

லிஃப்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்த எனக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி, கிளை வாசலில் நிற்கும் காவலாளியின் இரட்டைக்குழல்தான். ஓய்வு பெற்ற பிறகு ராணுவ வரலாறு படிக்கிற பழக்கம் தொற்றிக்கொண்டது. அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம், பழகிய துப்பாக்கியை வைத்துக்கொள்வதா, புதிதாக வந்ததற்கு மாறுவதா என்று ஒரு ராணுவம் பட்ட பாடு. அதைத்தான் இந்த இதழில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அவசரமாக மாறிய கதை

1957ல் அமெரிக்க ராணுவம் எம்-14 என்ற துப்பாக்கியை ஏற்றது. மரக்கட்டையும் எஃகும் சேர்ந்த, கனமான துப்பாக்கி. சில ஆண்டுகளிலேயே அதற்கு ஒரு போட்டியாளர் வந்தது. யூஜின் ஸ்டோனர் என்ற வடிவமைப்பாளர் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்து உருவாக்கிய ஏஆர்-15 அது. எடை குறைவு, தோட்டா சிறியது, அதனால் ஒரு வீரர் அதிகத் தோட்டாக்களைச் சுமக்கலாம். 1963ல் ராணுவம் 85,000 துப்பாக்கிகளை வாங்கியது. பின்னால் எம்-16 என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது இதுதான்.

வடிவமைப்பு நல்ல வடிவமைப்புதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன விஷயங்களை யாரும் சரிபார்க்கவில்லை. துப்பாக்கியை உருவாக்கியபோது தோட்டாவில் இருந்த வெடிமருந்து ஒரு வகை. வியட்நாமுக்கு மொத்தமாகப் போன தோட்டாக்களில் இருந்தது வேறு வகை. புதிய மருந்து உள்ளே அதிகக் கசடு படிய வைத்தது, துப்பாக்கி சுடும் வேகத்தையும் ஏற்றிவிட்டது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கவில்லை; வியட்நாமின் ஈரத்தில் அது அரித்துச் சொரசொரப்பானது. போதாக்குறைக்கு, இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் செய்யும் வேலையே அதிகமில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. அதனால் சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவு அனுப்பப்படவில்லை.

விளைவு, சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. எதிரி எதிரில் நிற்கும்போது, வீரர் ஒரு கம்பியைக் குழலின் முன்வழியாக விட்டுத் தட்டி அதை எடுக்க வேண்டும். இறந்து கிடந்த வீரர்களின் பக்கத்திலேயே பிரித்துப் போட்ட துப்பாக்கி கிடந்தது என்று களத்திலிருந்து வந்த கடிதம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. 1967ல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் ஒரு துணைக்குழு விசாரித்தது. வெடிமருந்தை மாற்றியதையும், துப்பாக்கித் திட்டத்தை நிர்வகித்த விதத்தையும் கடுமையாகக் கண்டித்தது.

பிறகு எல்லாம் திருத்தப்பட்டன. குரோமியப் பூச்சு வந்தது, சுத்தம் செய்யும் கருவி வந்தது. வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்கதை ஓவியரைக் கொண்டு பராமரிப்பு முறையைப் படக்கதையாகவே அச்சிட்டு வீரர்களுக்குக் கொடுத்தார்கள். துப்பாக்கியின் அடிப்படை வடிவம் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்தவை மாறின, துப்பாக்கியும் வேலை செய்தது. ஆனால் அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

ஒரே துப்பாக்கி, பல வேடங்கள்

இதே காலத்தில் ஸ்டோனர் வேறொரு நிறுவனத்துக்குப் போய் இன்னொரு யோசனையைச் செய்து காட்டினார். ஸ்டோனர்-63 என்று அதற்குப் பெயர். 'மாடுலர்' என்று இன்று சமையலறை அலமாரிக்குச் சொல்கிறோமே, அதே தத்துவம். நடு உடல் ஒன்றுதான். குழலையும் மற்ற பாகங்களையும் மாற்றிப் பூட்டினால் சாதாரணத் துப்பாக்கி ஆகும், குட்டைத் துப்பாக்கி ஆகும். நடு உடலைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் இயந்திரத் துப்பாக்கியும் ஆகும்.

1967ல் அமெரிக்க மரைன் படையின் ஒரு பிரிவு இதை வியட்நாமுக்கே எடுத்துப் போய்ச் சோதித்தது. ஆனாலும் அது பொது ஆயுதமாக ஏற்கப்படவில்லை. கடற்படையின் சீல் வீரர்கள் மட்டும் விரும்பி வைத்துக்கொண்டார்கள். அவர்களும் பெரும்பாலும் இலகுரக இயந்திரத் துப்பாக்கியாகத்தான் பயன்படுத்தினார்கள். பல வேடம் போட வந்த நடிகருக்கு ஒரே வேடம்தான் கிடைத்தது.

ஏன் என்று யோசித்தால் ஒன்று புரிகிறது. ஒரு வீரர் தன் துப்பாக்கியைப் பெற்று, சுட்டுப் பார்த்து, குறியைத் தனக்கேற்பச் சரிசெய்து வைத்துக்கொள்கிறார். குழலை மாற்றினால் மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். கழற்றிய பாகத்தை யாராவது சுமக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். சேர்த்து மாட்டும் வசதி காகிதத்தில் அழகு. களத்தில் அதைச் செய்ய எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது?

மாறாமல் நின்ற கதை

முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதே கேள்வி திரும்பி வந்தது. இப்போது பழைய துப்பாக்கி, எம்-16ன் குட்டை வாரிசான எம்-4. புதியது எக்ஸ்எம்-8, ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் தன் ஜி-36 துப்பாக்கியை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பிளாஸ்டிக் உடல், நீளம் வேறுபட்ட குழல்கள். மாற்றிப் பூட்டினால் குட்டைத் துப்பாக்கி, சாதாரணத் துப்பாக்கி, தொலைகுறித் துப்பாக்கி, தொடர்ந்து சுடும் துப்பாக்கி.

மாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2003 மார்ச்சில் ஈராக்கின் நசிரியா நகரில் வழி தவறிப்போன ஒரு பராமரிப்புப் படைப்பிரிவு தாக்கப்பட்டு 11 பேர் இறந்தார்கள். அப்போது பலருடைய ஆயுதங்கள் சுடாமல் நின்றன. பாலைவனப் புழுதியில் போதிய பராமரிப்பு இல்லாதது காரணமாக இருக்கலாம் என்றது ராணுவ அறிக்கை.

இருந்தும் 2005 அக்டோபரில் எக்ஸ்எம்-8 கைவிடப்பட்டது. திறந்த போட்டி வைக்காமல் ஒரே நிறுவனத்தோடு முன்னேறியதற்கு மற்ற நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. பாதுகாப்புத் துறையின் தணிக்கைப் பிரிவும் குறைகளைச் சுட்டிக்காட்டியது. எம்-4ல் மாட்டிப் பழகிய குறிநோக்கிகளும் விளக்குகளும் அப்படியே இதில் பொருந்தாது. மாட்டும் முறையே வேறு. துப்பாக்கியை மட்டும் மாற்றினால் போதாது, அதோடு போகும் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று ஆனது.

கதை இதோடு முடிந்திருந்தால், "பழையதே நல்லது" என்று சொல்லி நானும் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் 2007ல் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு புழுதிச் சோதனை நடந்தது. நான்கு வகைத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் பத்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 6,000 தோட்டா. ஆக வகைக்கு 60,000. சுடும்போது எத்தனை முறை சிக்கி நின்றன என்று எண்ணினார்கள்.

எக்ஸ்எம்-8: 127 முறை. ஸ்கார் என்ற பெல்ஜிய வடிவமைப்பு: 226. எச்கே-416: 233. ராணுவத்தின் கையில் இருந்த எம்-4: 882.

கணக்கு எழுதியவன் என்பதால் இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் பார்த்தேன். சதவீதமாகப் பார்த்தால் எம்-4கூட 98.5 சதவீதம் சரியாகச் சுட்டிருக்கிறது. பரீட்சையில் இந்த மதிப்பெண் வாங்கினால் தெருவுக்கே இனிப்பு கொடுப்போம். ஆனால் வேறு மாதிரி பாருங்கள். எக்ஸ்எம்-8 சராசரியாக 472 தோட்டாவுக்கு ஒருமுறை நின்றது. எம்-4 ஏறத்தாழ 68 தோட்டாவுக்கு ஒருமுறை. 30 தோட்டா கொண்ட மேகசின் இரண்டு முடிந்து மூன்றாவதைத் தொட்டதும் ஒரு சிக்கல். புழுதியில் படுத்திருக்கும் இருபது வயதுப் பையனுக்குச் சதவீதம் தெரியாது; அந்த ஒரு சிக்கல்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 882ல் 239 மேகசினால் வந்தவை. துப்பாக்கியோடு ஒப்பிட்டால் மேகசின் மிக மலிவான பொருள். அதே ஆண்டு முன்னதாக எம்-4ஐ மட்டும் வைத்து நடந்த சோதனையில் சுமார் 300 சிக்கல்கள்தான் வந்திருந்தன. ராணுவம் துப்பாக்கியை மாற்றவில்லை; ஆனால் மேகசினை மேம்படுத்தியது, குழலைத் தடிமனாக்கியது. 2008 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் வனாத் கிராமத்தில் ஒன்பது அமெரிக்க வீரர்கள் இறந்த சண்டையில், தொடர்ந்து சுட்டுச் சூடேறிய எம்-4கள் நின்றுபோனதாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். மாற்றாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

சரி, எக்ஸ்எம்-8க்கு மாறியிருந்தால் எல்லாம் நலமாக இருந்திருக்குமா? அதன் தாய்த் துப்பாக்கியான ஜி-36 சூடேறினால் குறி தவறுகிறது என்று ஜெர்மனியில் பெரிய சர்ச்சை எழுந்தது. 2015ல் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே, இப்போதைய வடிவில் இதற்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். நிறுவனம் வழக்குப் போட்டது. 2016ல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கேட்ட பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதிலேயே குறை இருந்தால் யாரைச் சொல்வது?

நம் நாட்டுக் கணக்கு

நம் ராணுவத்துக்கும் இந்தக் கேள்வி வந்தது. 1990களில் வந்த நம் சொந்த இன்சாஸ் துப்பாக்கியை நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் செய்தார்கள். 1999 கார்கில் போரின்போது குளிரில் மேகசின் விரிசல் விட்டதாகப் புகார்கள் வந்தன. இங்கேயும் அதே மேகசின்தான், பாருங்கள்.

2011ல் நம் ராணுவம் 66,000 மாடுலர் துப்பாக்கிகளுக்கு டெண்டர் விட்டது. குழலை மாற்றினால் ஒரே துப்பாக்கி 5.56 மி.மீ. தோட்டாவும் சுட வேண்டும், ஏகே வகையின் 7.62 மி.மீ. தோட்டாவும் சுட வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன, சோதனைகள் நடந்தன. 2015ல் டெண்டர் ரத்தானது. அதுவரை வீரர்கள் பழைய துப்பாக்கியோடுதான் காத்திருந்தார்கள். கடைசியில் 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் ஆனது. அமேதி மாவட்டத்தில் தயாராகின்றன. 1947ன் கலாஷ்னிகோவ் குடும்பத்தின் இன்றைய வாரிசு அது. இதற்கிடையே 2019ல் அவசரத் தேவைக்கு வாங்கிய 72,400 அமெரிக்கத் துப்பாக்கிகளும் ஸ்டோனர் போட்ட பாதையில் வந்தவைதான்.

நான் எடுத்துக்கொண்டது

எங்கள் கிளைக்குக் கணினி வந்தபோது, ஆறு மாதம் பேரேட்டிலும் எழுதினோம், கணினியிலும் ஏற்றினோம். மாலையில் இரண்டும் டேலி ஆக வேண்டும். இரட்டை வேலை என்று நான் முணுமுணுக்காத நாளில்லை. ஆனால் டேலி ஆகாத நாட்களில்தான் தவறு கணினியிலா, நாங்கள் ஏற்றிய விதத்திலா, பழைய பேரேட்டிலேயேவா என்று தெரிந்தது. பேரேட்டை மூடியபோது யாருக்கும் பயமில்லை.

1963ல் அமெரிக்கர்கள் அந்த ஆறு மாதப் பொறுமையைக் காட்டவில்லை. 2005க்குப் பிறகோ, சிக்கலை எண்ணிப் பார்க்கவே இரண்டு வருடம் ஆனது. புதியதா, பழையதா என்பதைவிட, இருப்பது எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று முதலில் எண்ணுவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. குறை மேகசினில் இருந்தால் துப்பாக்கியை மாற்றுவது வீண் செலவு. குறை துப்பாக்கியிலேயே இருந்தால் மேகசினை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது பாவம்.

நம் லிஃப்ட் நின்ற ஒவ்வொரு முறையும் நம் காவலாளி கேட் நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அதை யாரும் இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நான் அதை உட்கார்ந்து கூட்டித் தருகிறேன்: கதவால் நின்றது எத்தனை, மின்சாரத்தால் எத்தனை, மோட்டாரால் எத்தனை என்று. பழுது பார்க்க வந்தவர்கள் கொடுத்த ரசீது யார் வீட்டிலாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். கணக்கு கையில் வந்த பிறகு வாதம் செய்வோம். மாமியையும் கூட்டத்துக்கு அழைத்து வருவோம். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி அவர் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவெடுப்போம்.