முழுகாமல் இருப்பது முதலில் யாருக்குத் தெரியும்?

சின்ன வயதில் ஒருநாள் அம்மம்மா தொலைபேசியில், "அவள் முழுகாமல் இருக்கிறாளாம்" என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. எனக்கு விளங்கவில்லை. குளிக்காமல் இருப்பதில் என்ன சந்தோசம்?

பிறகு அம்மாதான் விளக்கினா. அந்தக் காலத்தில் மாதவிலக்கு வந்த பெண் ஒதுங்கி இருப்பாள். முடிந்ததும் தலைமுழுகுவாள். கரு தங்கினால் மாதவிலக்கு நின்றுவிடும், அந்த முழுக்கும் இல்லை. கர்ப்பத்தின் முதல் அறிகுறியையே எங்கள் மொழி அதற்குப் பெயராக வைத்துவிட்டது.

நாள் தள்ளிப்போவதற்கு அடுத்து வருபவை குமட்டல், சத்தி, சோர்வு, மார்பு நோவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல். சிலருக்குப் புளிப்பின் மேல் ஆசை வரும். கர்ப்பிணியின் இந்த ஆசையைப் பழந்தமிழில் 'வயா' என்றார்கள். குறுந்தொகையின் 287ஆம் பாடல் பச்சைப் புளிக்கு ஏங்கும் நிறைசூலிகளைச் சொல்கிறது. புறநானூற்றின் 20ஆம் பாடல் ஒரு சேர மன்னனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, பகைவர் உண்ண முடியாது என்கிறது. மண் தின்னும் ஆசைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. முழுகுவதும் முழுகாமல் இருப்பதும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். அவள் வாய் திறக்கும் முன்பே மாமியார் நாள் எண்ணி முடித்திருப்பா. அவளுடைய உடம்பின் செய்தி அவளுடையதாக மட்டும் இருக்கவில்லை.

அறிகுறிகளை மட்டும் நம்பாமல் சோதித்துப் பார்க்கும் முயற்சியும் பழையதுதான். 3,000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர், கோதுமை, பார்லி விதைகள் மேல் பெண்ணின் சிறுநீரை ஊற்றச் சொல்லி எழுதிவைத்தார்கள். விதை முளைத்தால் கர்ப்பம். 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியாக ஏற்றினார்கள். பல நாள் கழித்து எலியைக் கொன்று அதன் சூலகத்தைப் பார்த்தால் விடை தெரியும். 1930களில் தென்னாபிரிக்கத் தவளை அந்த வேலைக்கு வந்தது. ஊசி ஏற்றிய பெண் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டால் கர்ப்பம். தவளை சாகத் தேவையில்லை. இந்த விலங்குகளைத் தூண்டியது, கரு கருப்பையில் பதிந்த பின் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். 1960இல் விலங்கே இல்லாமல் அதைக் கண்டறியும் முறை சுவீடனிலிருந்து வந்தது.

இத்தனை முன்னேற்றத்திலும் ஒன்று மாறவில்லை. முன்பு மாமியாருக்கு முதலில் தெரிந்தது, இப்போது மருத்துவருக்கு.

அதை மாற்றியவர் மார்கரெட் கிரேன். 1967இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். வயது 26. விஞ்ஞானியல்ல. ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடியின் மேல் வரிசையாகத் தொங்கிய சோதனைக் குழாய்களைக் கண்டு, "இதைப் பெண்களே வீட்டில் செய்யலாமே" என்று நினைத்தார். காகிதக் கிளிப் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடித் துண்டு, குழாய், சொட்டுக்குழல் வைத்து ஒரு மாதிரியைச் செய்தார். மருத்துவர்களின் தொழில் கெடும் என்று நிறுவனத்தில் எதிர்ப்பு வந்தது. அவர் விடவில்லை. காப்புரிமையை ஒரு டொலருக்கு எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு டொலரும் கைக்கு வரவில்லை என்று பின்னர் சொன்னார். 1971இல் அந்தச் சோதனை கனடாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு வீட்டுச் சோதனைகள் வர 1977 ஆனது.

இன்று நாள் தள்ளிப்போனால் மருந்துக்கடையில் ஒரு குச்சி வாங்கிச் சில நிமிடத்தில் அறியலாம். மனவழுத்தம், உடல் எடை மாற்றம் போன்றவற்றாலும் நாள் தள்ளலாம். அதனால் ஊகிக்காமல் சோதிப்பது நல்லது. கோடு தெரிந்தால் மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். தெரியாமல், மாதவிலக்கும் வராவிட்டால், சில நாளில் மறுபடி பாருங்கள்.

அம்மம்மாவின் சொல் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அதை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்கட்டும்.