ஆறுதல் (சொல்)

ஆறுதல் என்பது துன்புற்ற உள்ளம் அடையும் தணிவையும், அத்தணிவு உண்டாகுமாறு பிறர் கூறும் சொற்களையும் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகும். ஆங்கிலத்தின் 'கம்ஃபர்ட்' என்னும் சொல்லுக்கு ஈடாக இது பெரும்பாலும் எடுத்தாளப்படினும் இரண்டின் வேர்ப்பொருள்களும் வேறானவை. எண், நீரோட்டம், வழி ஆகியவற்றைக் குறிக்கும் 'ஆறு' என்னும் பெயர்ச்சொற்களுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

சொல்லமைப்பும் பொருளும்

'ஆறு' என்னும் வினையின் அடிப்படைப் பொருள் சூடு தணிதல். சோறு ஆறுகிறது, பால் ஆறுகிறது என்பன அன்றாட வழக்கு. புண் ஆறுதல், சினம் ஆறுதல், பசியாறுதல், இளைப்பாறுதல் ஆகியனவும் இவ்வழியே அமைந்தவை. இதன் பிறவினை 'ஆற்று'. தேநீர்க் கடைக்காரர் தேநீரை உயரத் தூக்கி ஊற்றி ஆற்றுவதும், உற்றார் ஒருவரின் துயரை ஆற்றுவதும் ஒரே வினைதான்.

'ஆறுதல்' தன்வினை என்பது கருதத்தக்கது. பிறர் எத்துணை ஆற்றினாலும் ஆற வேண்டியது துன்புற்றவரின் உள்ளமே. அதற்குக் காலமும் வேண்டும். சோறு ஆக்கும்வரை பொறுத்தவன் அது ஆறும்வரை பொறுக்கக் கூடாதா என்னும் கருத்துள்ள பழமொழியும், 'ஆற அமர' என்னும் தொடரும் இக்காலத் தாழ்வையே சுட்டுகின்றன.

ஆங்கிலச் சொல்லோ வலிமை என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து வந்தது. தளர்ந்தவரை வலுப்படுத்துவதே அதன் பழம்பொருள். தமிழிலும் இதற்கு நிகரான சொல் உண்டு. குறுந்தொகை முதலிய சங்க நூல்களின் துறைக்குறிப்புகளில், பிரிவால் வருந்தும் தலைவியிடம் தலைவன் வருவான் என உறுதி கூறித் தேற்றுவது 'வற்புறுத்தல்' எனப்படுகிறது. வற்பு என்றால் உறுதி. இன்று அச்சொல் கட்டாயப்படுத்துதல் என்னும் பொருளுக்குத் திரிந்துவிட்டதால், பழைய குறிப்புகளைப் படிக்கும் மாணவர் மயங்குவதுண்டு.

இராமநாதபுரம் வட்டாரத்தில்

வறண்ட நிலமான இராமநாதபுரத்தில் தணிவைக் குறிக்கும் சொல் நலத்தைக் குறிப்பதாக ஆனதில் வியப்பில்லை. இராமேசுவரம் செல்லும் வழிநடைப் பயணிகள் இளைப்பாறவும் பசியாறவும் சேதுபதி மன்னர்கள் சத்திரங்கள் அமைத்தனர். கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் வாழும் தமிழ் முசுலிம்களிடையே 'பசியாறுதல்' காலை உணவு உண்பதைச் சிறப்பாகக் குறிக்கும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரிடமும் இவ்வழக்கு உண்டு.

இறப்பு நிகழ்ந்த வீட்டுக்குச் செல்வதைத் தென்மாவட்டத்தார் 'கேதம் கேட்டல்' என்பர். இங்கு வினை 'கூறல்' அன்று, 'கேட்டல்'. வந்தவர் கேட்க, இழந்தவர் நடந்ததைச் சொல்லிச் சொல்லி ஆறுகிறார். 'ஆறுதல் கூறினார்' என்பதோ பெரும்பாலும் செய்தித்தாள் நடையாகும். வீட்டுப் பேச்சில் 'ஆறுதலா ரெண்டு வார்த்தை' என்பதே இயல்பு.

இச்சொல்லின் எதிர்மறை வடிவங்கள் 'ஆறாத் துயர்', 'ஆற்றாமை', 'ஆற்றொணாத' என்பன. 1964 திசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுசுக்கோடி அழிந்தது. பயணிகளுடன் ஒரு தொடருந்தும் கடலுக்கு இரையானது. கடலில் போனவரின் உடல் கிடைக்காதபோது இறுதிச் சடங்கும் தள்ளிப்போகிறது. கேதம் கேட்க வருபவருக்கும் இன்னது கேட்பது என்று தெரிவதில்லை. கடலை நம்பி வாழும் ஊர்களில் 'ஆறாத' என்பது வெறும் அணிச்சொல் அன்று.

இலங்கை வழக்கு

தனுசுக்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தலைமன்னார் உள்ளது. 1914 முதல் அப்புயல் வரை இவ்விரு துறைகளுக்கும் இடையே கப்பல் ஓடியது. இவ்வளவு அருகிலிருந்தும் அக்கரையில் சொல்லின் பொருள் சற்று விலகுகிறது. யாழ்ப்பாணத்தார் 'ஆறுதலா வாங்கோ' என்றால் மெதுவாக, அவசரமின்றி வாருங்கள் என்பதே பொருள். துயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரை அங்கு 'இளைப்பாறிய ஆசிரியர்' என எழுதுவர்.

பிற வழக்குகள்

ஆறுதல் பரிசு, ஆறுதல் வெற்றி என்பன ஆங்கிலத் தொடர்களைப் பின்பற்றி அமைந்த பிற்கால ஆக்கங்கள். 'அது ஒன்றுதான் ஆறுதல்' என்பது பெரிய இழப்பினிடையே எஞ்சிய சிறு நன்மையைச் சுட்டும். இருக்கை, உடை போன்றவற்றின் வசதியைக் குறிக்க ஆங்கிலச் சொல் பயன்படும் இடங்களில் 'ஆறுதல்' பொருந்தாது. அங்கு வசதி, சுகம், சௌகரியம் ஆகிய சொற்களே வழங்கும்.