துணைப்படையும் ரகசிய யுத்தமும்

கோலார் தங்கவயலின் வடகோடியிலுள்ள பாலகாட்டிலும் அண்டைச் சுரங்கங்களிலும் பாறை பிளந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்களாயிருக்க, ‘கோலார் கோல்டு பீல்ட்ஸ் பட்டாலியன்’ என்ற துணைப்படையில் துப்பாக்கி ஏந்தும் உரிமையோ ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் மாத்திரமே இருந்தது. ஓய்வு நேரத்தில் கவாத்து பழகிவிட்டுக் கிளப்புக்குத் திரும்பும் இத்தகைய சேனைகளை யுத்தகளத்தோடு சேர்த்து எண்ணுவது கடினமே.

ஆயினும், இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1940-இல் லண்டனில் தோன்றிய எஸ்.ஓ.இ. என்னும் பிரிட்டிஷ் ரகசிய ஸ்தாபனம், நடுநிலை நாடான போர்ச்சுகலின் ஆதிக்கத்திலிருந்த கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் ஒதுங்கிய ‘எரன்பெல்ஸ்’ என்ற ஜெர்மானியக் கப்பல், ரகசிய வானொலியால் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதாகக் கருதி, அதை ஒடுக்க, முறையான படையை ஏவினால் ராஜதந்திர விபரீதம் நேரும் என்றஞ்சி, நாடியது அதே துணைப்படை இனத்தைச் சேர்ந்த கல்கத்தா லைட் ஹார்ஸையும் கல்கத்தா ஸ்காட்டிஷையுமே. இளமை கடந்த வியாபாரிகளும் கம்பெனி உத்தியோகஸ்தர்களுமான ஒரு சிறு குழுவினர், லூயிஸ் பியூ என்னும் அதிகாரியின் தலைமையில், ‘பீபி’ என்ற சேறு சுமக்கும் படகில் 1943 மார்ச் 9-ஆம் தேதி இரவு துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பலில் ஏறினர். கைகலப்பில் அதன் தலைவர் மாண்டார். மாலுமிகளே கப்பலை மூழ்கடித்தனர். அருகிலிருந்த ஏனைய அச்சுநாட்டுக் கப்பல்களும் அவ்வாறே தம்மவராலேயே அழிந்தன.

பதக்கமோ பாராட்டோ எவருக்கும் கிட்டவில்லை. 1978-இல் ஜேம்ஸ் லீசர் ஒரு நூலாக எழுதியபோதுதான், ராணுவ சரித்திரத்தில் விநோதமான இந்நடவடிக்கை பொதுமக்களிடையே பரவலாக அறியப்பட்டது.